இரண்டு கணினிக்கும் வந்த செய்தி

11 நவம்பர் 2006, சனி

மாலையில் கோல் மார்க்கெட் சைபர் கஃபேயில் பிராஜெக்ட்டைப் பிரிண்ட் எடுக்கக் காத்திருந்தபோது, மேல்வீட்டு ஸ்வாதி சாட்டில் எழுதினாள்: "அப்பா நேற்றும் அம்மாவை அடித்தார். யாரிடமும் சொல்லாதே."

வீட்டுக் கணினியிலும் என் சாட் திறந்தே இருந்திருக்கிறது. செய்தி அங்கேயும் வந்து, அம்மா படித்துவிட்டாள். நான் திரும்புவதற்குள் அப்பா மேலே போய் ஸ்வாதியின் அப்பாவைச் சத்தம் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"அவ எனக்கு மட்டும்தானேம்மா எழுதினா?"

"படிச்சுட்டுச் சும்மா இருக்கச் சொல்றியாடி?"

அண்ணா சிரித்தான். "நீ லாகின் பண்ணின எல்லா இடத்துக்கும் சர்வர் அனுப்பும். மெசேஜ் தவறக் கூடாதில்ல? எதிர்ல யார் உட்கார்ந்திருக்கான்னு அதுக்கென்ன தெரியும்?"

ஸ்வாதி இனி என்னிடம் எதுவும் சொல்ல மாட்டாள். சற்றுமுன் மேலே ஏதோ விழுந்து உடைந்தது. அம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறாள். இந்த முறை யாரும் மேலே போகவில்லை.