இரண்டு நீல மூடிகள்

ஜூன் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்குச் சளி விட்டது, வாய்தான் விடவில்லை. 'என் தங்கச்சி நோயாளிப் பாதுகாப்பு மாநாட்டுல முதல் உரை பேசப் போறா' என்று பால் வாங்கப் போன இடத்திலும் சொல்லிவிட்டு வருகிறார். போனில் பேசியிருக்கலாம். நீ 'சொல்லுங்கண்ணி' என்பாய், நான் வாயைத் திறப்பேன், உனக்கு இன்னொரு அழைப்பு வந்துவிடும். இது பாதியில் விடுகிற விஷயமில்லை. அதனால்தான் கடிதம்.

நேற்று எங்கள் மருத்துவமனை டைரக்டர் எல்லா வார்டு சிஸ்டர்களையும் கூப்பிட்டார். ஓராண்டாக மருந்துத் தவறே நடக்காத மருத்துவமனை என்று உன் உரையில் எங்களைத்தான் காட்டப் போகிறாயாம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பாப்பா, அது உண்மையில்லை.

என் வார்டில் ஒரு சின்னப் பெண் நர்சாக வேலை பார்த்தாள். ஓட்டமும் நடையுமாக இருப்பாள், அதனால் மின்னல் என்று பெயர் வைத்திருந்தோம். போன மாதம் ஒரு நோயாளிக்கு வலி ஊசிக்குப் பதிலாக, இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்தைப் போட்டுவிட்டாள். இரண்டு புட்டியும் ஒரே உயரம், இரண்டுக்கும் நீல மூடி, ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். காலிப் புட்டியைப் போடப் போனவள் கண்ணில் எழுத்து பட்டிருக்கிறது. மறைக்கவில்லை. வார்டு முழுக்கக் கேட்கும்படி, "தப்பான மருந்து போட்டுட்டேன், டாக்டரக் கூப்பிடுங்க!" என்று கத்தினாள். டாக்டர் ஓடி வந்தார், நோயாளி பிழைத்தார். அவர் ஒரு பேருந்து ஓட்டுநர். தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

அவளைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நோயாளிக்குக் கெடுதல் ஒன்றுமில்லை என்பதால் அந்தத் தவறு கணக்கிலும் ஏறவில்லை. அன்றிலிருந்து எந்த வார்டிலிருந்தும் ஒரு வார்த்தை கிடையாது. எல்லோரும் ஒரே நாளில் தவறே செய்யாதவர்களாகிவிட்டோம்! நீ மேடையில் காட்டப் போகும் பூஜ்யம் எங்கள் பயம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிடு, கண்ணு.

அன்புடன்,
அண்ணி

ஜூன் 12

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது.

மாநாட்டுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது இதைச் சொல்கிறீர்கள். என் உரையின் நடுத்தூணே அந்த எடுத்துக்காட்டுதான். அச்சுக்குப் போயாகிவிட்டது. மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் எங்கள் அலுவலகத்தின் தலைமை அதிகாரி படித்துப் பாராட்டி, அழைப்பிதழில் என் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பேச்சுக்குக் குறிப்பெடுத்தவள் நான். முதல்முறையாக மேடை கிடைத்திருக்கிறது.

உங்கள் மருத்துவமனை அனுப்பிய எண்ணைத்தான் நான் எடுத்தேன். நானாக இட்டுக்கட்டவில்லை. நாத்தனார் மேடை ஏறுவது பிடிக்கவில்லையா என்று கேட்க மாட்டேன். ஆனால் படித்து முடித்ததும் அப்படித்தான் தோன்றியது.

அண்ணனை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

ஜூன் 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணனிடம் காட்டவில்லை. 'பாப்பா என்ன எழுதியிருக்கா?' என்றார். 'உங்க உடம்பை விசாரிச்சிருக்கா' என்றேன். அது பொய்யில்லையே.

பத்து வயதில் நீ பேச்சுப் போட்டிக்குப் போனபோது ரிப்பன் கட்டிவிட்டு, கடைசி வரிசையில் நின்று உதடு வலிக்க உன்னோடு முணுமுணுத்தவள் நான். நீ மேடை ஏறுவது எனக்குப் பிடிக்காது என்றால் இந்த ஊரில் யாருக்குமே பிடிக்காது. அதைச் சொல்லிவிட்டேன், மனசு ஆறிவிட்டது, விடு.

ஆனால் முதலில் எழுதியதை மாற்றி எழுத மாட்டேன். நேற்று அந்தப் பெண்ணின் அம்மா வந்திருந்தார். "டியூட்டிக்குக் கிளம்புற நேரத்துக்கே எந்திரிச்சுடுறா சிஸ்டர். குளிச்சு, தலை வாரி, கட்டில்ல அப்படியே உக்காந்திருக்கா. எங்கயும் போறதில்ல" என்றார். நான் காபி போடும் சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

உன் மேடை, உன் முடிவு. என்ன பேசினாலும் உன்மேல் எனக்குள்ள பிரியம் குறையாது. பேசும்போது தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள். உனக்குத் தொண்டை கட்டும்.

அன்புடன்,
அண்ணி

ஜூன் 25

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எழுதுவதற்குப் பதில், மாநாட்டுக்கு முன்பே உங்கள் ஊருக்கு வந்தேன். வீட்டுக்கு வராமல் திரும்பியதற்கு அண்ணன் திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

நேராக உங்கள் டைரக்டரிடம் போய், அந்த இரண்டு புட்டிகளையும் பார்க்க வேண்டும் என்றேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், சங்கடமா இருந்தா அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துடுங்களேன். யாருக்கும் வம்பில்லை" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் கேட்டதும் அதுதான், அவர் கேட்பதும் அதுதான். எடுத்துவிட்டால் உங்களுக்கு நிம்மதி, எனக்கும் அவருக்கும் நிம்மதி. அந்தப் பெண் மட்டும் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

அதனால் எடுக்கவில்லை, அண்ணி. முழுதாகச் சொல்லப் போகிறேன், மருத்துவமனை பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அவரிடமே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மாநாட்டன்று முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தயாரித்த உரையை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் மருத்துவமனையில் எடுத்துவந்த இரண்டு புட்டிகளின் படத்தைப் பெரிய திரையில் போட்டேன். வார்டில் கையில் எடுக்கும்போது தெரிகிற மாதிரி, எழுத்து பாதி திரும்பி, மூடி மட்டும் பளிச்சென்று. "இதுல எது வலி மருந்து? முன்வரிசை சொல்லுங்க" என்றேன்.

மூத்த மருத்துவர் ஒருவர் உடனே, "வலது" என்றார். பக்கத்திலிருந்தவர், "என்ன சார், இடதுதான்" என்றார். "நான் தினமும் எழுதித் தர்ற மருந்துய்யா!" "எழுதித் தர்றீங்க, போட்டுப் பாத்திருக்கீங்களா?" அரங்கம் சிரித்தது. உங்கள் டைரக்டரும் தன்னை மறந்து, "வலதுதான், சந்தேகமே இல்ல" என்று உரக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த படத்தில் புட்டிகளைத் திருப்பிக் காட்டினேன். வலதில் இருந்தது இதய மருந்து.

"இப்ப முன்வரிசையில பாதிப் பேர் ஒரு நோயாளிக்குத் தப்பான ஊசி போட்டுட்டீங்க. இதே தப்பைச் செஞ்ச ஒரு பொண்ணு அந்த நிமிஷமே கத்தி ஒரு உயிரைக் காப்பாத்தினா. நாம அவளை வீட்டுக்கு அனுப்பிட்டு, புட்டிய அதே தட்டுலயே வச்சிருக்கோம்" என்றேன். நீங்கள் சொன்னபடி பக்கத்தில் வைத்திருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, தவறே வராத இடத்தைவிடத் தவறைச் சொல்ல முடிகிற இடம் ஏன் பத்திரமானது என்று மீதி நேரம் முழுக்கப் பேசினேன்.

தேநீர் இடைவேளையில் டைரக்டர் வந்தார். "என்னை நல்லா மாட்டிவிட்டீங்க மேடம்" என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு மேல இருக்கிற நிர்வாகக் குழுவுக்குப் பூஜ்யம்தான் பிடிக்கும். அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். அந்தப் பொண்ண வரச் சொல்லச் சொல்லுங்க உங்க அண்ணிய."

எங்கள் தலைமை அதிகாரி இன்னும் என்னிடம் பேசவில்லை. அடுத்த மாதம் பேச அழைத்த ஒரு நிறுவனம் 'தேதி தள்ளிப் போகிறது' என்று எழுதிவிட்டது. தள்ளிப் போகட்டும். அன்று மாலை ஐந்தாறு நர்சுகள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, அவரவர் வார்டில் இருக்கும் ஆபத்தான தட்டுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது போதும்.

என் போன கடிதத்தில் 'பிடிக்கவில்லையா' என்ற அந்த ஒரு வரியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள்,
பாப்பா

ஜூலை 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அடுப்பில் போடவில்லை. அண்ணனிடம் காட்டி உன்னை நன்றாகத் திட்டு வாங்க வைக்கலாம் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன். பயப்படாதே, சும்மா சொன்னேன்.

மின்னல் திரும்பி வந்துவிட்டாள். குழு சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லையாம். டைரக்டர் பிடிவாதமாக நின்றிருக்கிறார். இதய மருந்து இப்போது தனி அலமாரியில், சிவப்புப் பட்டை ஒட்டி இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் முதல் வாரம் மருந்தறை வாசலோடு நின்றுவிடுவாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. படுக்கை விரிப்பதும் நோயாளிகளை நடக்க வைப்பதுமாக இருந்தாள். மின்னல் என்று கூப்பிட எங்களுக்கே மனசு வரவில்லை, அவ்வளவு மெதுவாகிவிட்டாள்.

நேற்று ஒன்று நடந்தது. எங்களிலேயே மூத்த சிஸ்டர் ஒருத்தர் இருக்கிறார். யாரையும் மதிக்க மாட்டார், எல்லோரையும் அதட்டுவார். மருந்து கொடுக்கும் நேரத்தில் வார்டு நடுவில் அப்படியே நின்று, "நான் இப்ப இவருக்கு ரெண்டு மடங்கு மருந்து குடுக்கப் போனேன். வாய் வரைக்கும் கொண்டு போயிட்டேன்" என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, பாப்பா, எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று.

"சரிக்கா. எப்படி நடந்துச்சுன்னு நிதானமா சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்றேன்.

அவர் மருந்தைக் கீழே வைத்தார். யாரோ சுவரோரமிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவர் பின்னால் போட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். திரும்பிப் பார்த்தால் மின்னல். "நானும் இருக்கேன் சிஸ்டர், சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. இந்த முறை மருத்துவமனையோடு திரும்பக் கூடாது.

என்றும் அன்புடன்,
அண்ணி