காலை ஆறு மணிக்கு உங்கள் பெயர்

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு தினமும் நூலகத் தளத்துக்குள் போவது நான்தான் என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அடுத்தவர் பெயரில் எங்கேயும் நுழைகிற பழக்கம் எனக்கு இல்லை. எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதைச் சபை மாத இதழுக்கு அனுப்புகிறேன்.

நீங்கள் கர்த்தரிடம் போய் நான்கு மாதம் ஆகிறது. சபை நூலகத்துக்கு நீங்கள் செய்து கொடுத்த இணையதளத்தில், 'இன்று வந்தவர்கள்' பட்டியலில், காலை ஆறு மணிக்கு உங்கள் பெயர் வந்துகொண்டே இருந்தது. இராஜாக்கமங்கலத்துக்காரர் ஒருவர் பயந்துபோய்ப் புத்தகம் எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஆராதனை முடிந்து வரும்போது ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து, "அவியள மறக்க முடியலியோ மக்கா?" என்றாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

உங்கள் தம்பி மகள் ஜெபாவை வரச் சொன்னேன். நாகர்கோவிலில் இணையதள வேலை பார்ப்பவள் அல்லவா, பார்த்ததும் சிரித்துவிட்டாள். "பெரியப்பா எழுதுன டெஸ்ட்தான் பெரியம்மா டெய்லி லாகின் பண்ணுது." தளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நீங்கள் எழுதிய சோதனை, தினமும் ஆறு மணிக்குத் தானாகவே உங்கள் சொந்தப் பெயரில் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டவள் நான். இதற்கென்று ஒரு கற்பனைப் பெயரை வையுங்கள் என்று அன்றே சொன்னேன். "நம்ம பேருதானே பிள்ளே, யாரு கேக்கப் போறா?" என்றீர்கள். இப்போது சபையே கேட்கிறது.

இனி அந்தச் சோதனை உண்மையாக லாகின் செய்யாது. இல்லாத ஓர் உறுப்பினர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார் என்று ஒரு பொய்ச் செஷனை, அதாவது அனுமதிச் சீட்டு மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டு, பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்க்கும். செஷன் இல்லாமல் வருகிறவரைத் திருப்பி அனுப்புகிறதா என்பது அன்றைக்கு நான் போட்டுக் கொடுத்த கேள்வி. அதை நீங்கள் எழுதியபடியே விடச் சொன்னேன்.

மாற்றுவதற்கு முன் ஜெபா தயங்கினாள். "நாளையிலேர்ந்து பெரியப்பா பேரு வராது. பரவாயில்லியா?"

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த நான்கு மாதமும் தேயிலைத் தண்ணியைப் போட்டு வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் பார்த்தவள்தான் நான். என் பெயரில் போய்த்தான் பார்த்தேன். அதனால்தான் உங்கள் பெயருக்குக் கீழே தினமும் என் பெயர். ஊர் பேசியதும் அதைப் பார்த்துத்தான்.

தப்பு தப்புதான், மாற்று என்றேன்.

மாற்றிய மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருந்தது. வெகுநேரம் வேறு யாரும் வரவில்லை. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

சோதனை ஒருநாள் தவறினாலும் ஜெபாவிடம் சொல்லிச் சரிசெய்ய வைப்பேன். உங்கள் தளத்தைப் பழுதாக விடமாட்டேன்.

உங்கள் மாமன் மகளும் மனைவியுமான
ரோஸ்லின்

நூலகக் கமிட்டிச் செயலாளர் கவனத்துக்கு: என் கணவர் பெயரிலுள்ள லாகின் இனி எதற்கும் தேவையில்லை. அதை மூடிவிட்டு, மூடிய விவரத்தை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.