இருபத்தேழாம் எண் முத்திரை

மார்ச் 1, புதன்கிழமை

அன்பு வெலிச்கோவுக்கு,

நெதெல்கா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இருமியதை அடுப்படியில் நின்ற தாஞ்சோகூடக் கேட்டான். நான் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்காமல் எடுத்துப் போட்டுக்கொள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் டிரைவர் ஸ்பாஸிடம் மெதோதியின் பழைய லேத்துக்கான முன்பணத்தைக் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாய். இதைக் கடைசிவரை படித்துவிட்டு, அதன் பிறகு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய். பஸ் உன் ஊரில் இரண்டு மணி நேரம் நிற்குமாம். நிதானமாகப் படி. நடுவில் எனக்குப் போன் செய்யாதே.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லிவிடுகிறாய். அதுவும் இல்லாமல், இது வாயில் வருகிற விஷயம் இல்லை.

பார்சலில் இரண்டு புட்டி சிவப்பு மிளகாய் விழுது இருக்கிறது. நூல் கட்டிய புட்டியில் உப்புக் குறைவு, அது உனக்கு. மற்றது உன் அறையில் இருக்கும் அந்த இரண்டு பேருக்கு. இன்று மார்ச் முதல் தேதி என்பதால் உனக்கும் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு மார்த்தெனித்சாக் கயிறு முறுக்கி உறைக்குள் வைத்திருக்கிறேன். சிவப்பு நூல் போன தடவையைவிடக் கொஞ்சம் கறுப்பு, கடையில் இதுதான் கிடைத்தது. மணிக்கட்டில் கட்டிக்கொள். ஜெர்மன்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

கராஜில் தளம் போட்டாயிற்று. தாஞ்சோதான் போட்டான். போடும்போது பாதி நேரம் உன்னைத் திட்டினான். "அக்கா, அத்தானுக்கு அந்தப் பழைய இரும்பு மேல என்ன மோகம்? அதுக்கும் முட்டி தேஞ்சு போச்சு, இவருக்கும் முட்டி தேஞ்சு போச்சு. ரெண்டு பேரும் கராஜுல உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் தைலம் தேச்சுக்கலாம்" என்கிறான். என் தம்பிக்கு மின்சார வேலைதான் தெரியும், லேத் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் புதியதுக்கு இரண்டு வருட உத்தரவாதம் உண்டு, உதிரிபாகம் கிடைக்கும் என்று அவன் சொல்வதில் தப்பில்லை.

உன்னிடம் சொல்லாமல் ஒன்று செய்தேன். திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ப்லொவ்திவ் போய், தைவானிலிருந்து வரும் அந்தப் புது லேத்தை நேரில் பார்த்தேன். ஃபேக்டரியில் லேத் சோதித்த காலத்து என் பழைய டயல் கேஜைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். கடைப் பையன், "அம்மா, அது என்ன, பிரஷர் பாக்குற மெஷினா?" என்று கேட்டான். நான் அதை லேத்தின் மேல் நிறுத்தி முள் ஓடுவதைப் படித்ததும் ஓடிப்போய் முதலாளியைக் கூட்டிவந்தான். மில்லிமீட்டரில் நூறில் ஒன்றுகூட ஓடவில்லை, வெலிச்கோ. கைச்சக்கரம் மெலிசுதான். பெயின்ட்டும் நகம் பட்டால் வந்துவிடும். உன் வாயில் அது "வெளிநாட்டுத் தகரம்". ஆனால் அது நேராக ஓடுகிறது.

அது வேண்டுமென்றால் நீ அடுத்த வருடம் இலையுதிர்காலம் வரை அங்கேயே வேலை செய்ய வேண்டும். மெதோதியின் பழைய லேத் என்றால் இந்த ஈஸ்டருக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இந்தக் கணக்கை நீ எத்தனை தடவை போட்டிருப்பாய் என்று தெரியாது. நான் தினமும் போடுகிறேன்.

மெதோதி அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு போன வாரம் போனில் கத்தினாயே, நினைவிருக்கிறதா? "ஏய் நெதெல்கா, தகட்டுல இருபத்தேழுன்னு குத்தியிருக்கு! உன் முத்திரைடி! நம்ம ஃபேக்டரி, உன் கை! இதுக்கு மேல எனக்கு எவன் சர்ட்டிஃபிகேட் குடுக்கணும்?" என்று. நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

நாளை மெதோதியின் பட்டறைக்குப் போகிறேன். பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

மார்ச் 2, வியாழக்கிழமை

போய் வந்தேன். கை கழுவிவிட்டு நேராக எழுத உட்கார்ந்துவிட்டேன். பொறுத்தால் தைரியம் போய்விடும்.

மெதோதி நல்ல மனிதர். கூட்டுறவுப் பண்ணைப் பட்டறையில் அந்த லேத் வந்து இறங்கிய நாளிலிருந்து அதில் நின்றவர். பண்ணையைக் கலைத்தபோது அவரே அதை வாங்கிக்கொண்டார். இப்போது எழுபத்தைந்து வயது, மகள் வீட்டுக்குப் போகிறார், அதனால்தான் விற்கிறார். எனக்காகப் புதுப் பச்சை பெயின்ட் அடித்து, மேசையில் பழச்சாராயமும் பாலாடைக்கட்டியும் வைத்திருந்தார். நான் டயல் கேஜை எடுத்ததும், "என்னம்மா, மாடு வாங்க வந்தவன் மாதிரி பல்லப் புடிச்சுப் பாக்குற? நீயே பெத்து நீயே சோதிக்கிறியா?" என்று சிரித்தார்.

முதல் தடவை நூறில் ஐந்து காட்டியது. லேத் மட்டமாக நிற்கவில்லையோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். கால் போல்ட்டுகளைத் தளர்த்தி, தகரத் துண்டு செருகி, மறுபடி இறுக்கினேன். அவர் விளக்குப் பிடித்தார். இரண்டாம் தடவை நாலரை. மூன்றாம் தடவையும் நாலரை. பிறகு ஒரு கம்பியைக் கடைந்து இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் அளந்தேன். அதுவும் அதையே சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் நீ ஷாஃப்ட் கடைந்து கொடுக்கப்போகும் பம்ப் கம்பெனிக்காரர் உன்னிடம் கேட்பது நூறில் இரண்டு. அதற்கு மேல் போனால் ஷாஃப்டை எல்லாம் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று எழுதியே கொடுத்திருக்கிறார். ஒரு மில்லிமீட்டரை நூறாக வகுத்து அதில் இரண்டு என்றதும் தாஞ்சோ வாயைப் பிளந்தான். நீ பிளக்க மாட்டாய். நாலரை என்றால் என்ன என்று உனக்குத் தெரியும்.

தேய்மானம் என்று நினைப்பாய். இல்லை. தேய்மானம் என்றால் கம்பியைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில் மட்டும் பள்ளம் விழும். இதில் லேத்தின் இரும்பு அடித்தளமே முழுக்கத் திருகியிருக்கிறது. அந்த நீளத்துக்குச் சாணை பிடித்து நேராக்கும் இயந்திரமும் இப்போது இந்தப் பக்கம் யாரிடமும் இல்லை. இது ஏன் திருகியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அளப்பதற்கு முன்பே தெரியும்.

தகட்டில் இருக்கும் தேதியைப் பார்த்தாயா? 1986, டிசம்பர் 30. முத்திரையைப் பார்த்த சந்தோஷத்தில் தேதியை விட்டுவிட்டாய். டிசம்பர் கடைசி வாரத்துச் சரக்கு எதையும் வாங்காதே என்று டிராக்டரிலிருந்து குழந்தைச் செருப்புவரை ஊருக்கே சொன்னவன் நீதான்.

நம் ஃபேக்டரியின் அந்த வருட உற்பத்தித் திட்டத்துக்கு இன்னும் பதினோரு லேத் பாக்கி இருந்தது. முற்றத்தில் ஒரு வருடம் மழையிலும் பனியிலும் கிடந்து அடங்கிய வார்ப்பு எல்லாம் தீர்ந்துவிட்டது. நவம்பரில் ஊற்றிய பச்சை வார்ப்பை எடுத்துச் செதுக்கினார்கள்; அடங்காத இரும்பு செதுக்கிய பிறகும் திருகும். அது என்னிடம் சோதனைக்கு வந்தபோதே நாலு காட்டியது. நான் முத்திரையை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். ஃபோர்மேன் கராஜோவ் வந்தார். சத்தம் போடவில்லை. "நெதெல்கா, இது போகலைன்னா நூத்தி நாப்பது பேருக்கு வருஷ போனஸ் கெடையாது. சரி, நீ குத்த வேணாம். ஆனா நீயே போயி அவங்க பொண்டாட்டிங்ககிட்ட சொல்லிட்டு வந்துடு" என்றார்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அந்த நூற்று நாற்பது பேரில் நீயும் ஒருவன். நான் ஆறு மாதம் முழுகாமல் இருந்தேன். பதினோரு சோதனை அட்டையிலும் ஒன்றரை என்று எழுதி, பதினோரு தகட்டிலும் இருபத்தேழு குத்தினேன். அந்தப் போனஸில்தான் மகளுக்குத் தொட்டில் வாங்கினோம். தொட்டிலை நீ தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தபோது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முப்பத்தாறு வருடமாகச் சொல்லவில்லை. பதினொன்றும் எங்கெங்கோ போய்விட்டன, நம் கண்ணில் படாது என்று நினைத்தேன்.

இன்று அளந்து முடித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? கேஜைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, நன்றாக இருக்கிறது என்று உனக்குச் சொல்லிவிடலாமே என்று யோசித்தேன். ஈஸ்டருக்கு நீ வந்துவிடுவாய். ஷாஃப்ட் திரும்பி வந்தால், பழைய இரும்பு, அப்படித்தான் என்று நீயே சமாதானம் சொல்லிக்கொள்வாய். என்னைச் சந்தேகப்படவே மாட்டாய். கராஜோவ் செத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. இந்த முறை என்னை வற்புறுத்த ஆள் யாரும் இல்லை, வெலிச்கோ. நானேதான் கராஜோவ். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். நான் கிளம்பும்போது மெதோதி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த சோதனை அட்டையை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து, ஒன்றரை. "வந்த முதல் வாரமே கடைஞ்ச கம்பி ஒரு பக்கம் பெருசா, ஒரு பக்கம் சின்னதா வந்துச்சும்மா. அட்டையப் பாத்தேன். ஒன்றரைன்னு போட்டிருக்கு. மெஷின் சரி, அப்ப என் கைதானே தப்பு? அன்னைலேருந்து கடைசில எமரி பேப்பரப் புடிச்சுத் தேச்சுத் தேச்சே சரி பண்றேன். அதான் என்னய மேல்நிலை டர்னர் ஆக்கவே இல்ல. மூணு தடவ பரிச்சைல கோட்ட விட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சாராயக் கிளாஸை மேசையில் வைத்தேன். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 4, சனிக்கிழமை காலை

ஸ்பாஸ் ஒன்பது மணிக்குக் கிளம்புகிறான். சீக்கிரம் எழுதுகிறேன்.

நேற்று மார்ச் மூன்று, விடுதலை நாள் விடுமுறை. ஊரெல்லாம் கொடி ஏற்றியிருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடிக்கொண்டு போனார்கள். நான் மறுபடி மெதோதியின் வீட்டுக்குப் போனேன். தாஞ்சோ வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை வார்ப்பு, நாலு, ஒன்றரை, போனஸ், எல்லாம். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சா?"

நல்லாத்தான் இருந்தது என்றேன். திருகிய லேத்தில் முப்பத்தாறு வருடம் அளவு தவறாமல் வேலை கொடுத்த கை எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் இல்லை என்றும் சொன்னேன். அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. எழுந்துபோய் அட்டையையும் ஒரு பென்சிலையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இப்பவாவது சரியா எழுதிக் குடும்மா" என்றார். ஒன்றரையை அடித்து நாலரை என்று எழுதி, கீழே பெயரும் தேதியும் போட்டேன். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். லேத்தை உனக்குக் கொடுக்க மாட்டாராம், இவ்வளவு துல்லியம் தேவைப்படாத டிராக்டர் புஷ் போடுகிறவன் யாராவது வந்தால் உண்மையைச் சொல்லி விற்பாராம். வாசல்வரை வந்தார். ஆனால் கை கொடுக்கவில்லை.

இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடம் பழகிய முகம், ஆனாலும் தெரியவில்லை. கோபம் வந்தால் என்மேல் காட்டு. முத்திரை குத்தினவள் நான்தான். புது லேத்துக்கு ஆர்டர் கொடுப்பதா, பம்ப் வேலையையே விட்டுவிட்டு வேறு ஏதாவது பார்ப்பதா, இப்போதே கிளம்பி வருவதா என்று நீதான் சொல்ல வேண்டும். நான் எதையும் சொல்லித்தர மாட்டேன். இந்த விஷயத்தில் என் பேச்சை நம்பச் சொல்லும் உரிமை எனக்கு இப்போது இல்லை. அளவுகளை மட்டும் நம்பு. இந்தக் கடிதத்தில் இருப்பவை எல்லாம் என் கையால் எடுத்தவை, மூன்று தடவை எடுத்தவை.

உன்னை இன்னும் ஒன்றரை வருடம் அந்த அறையில் இருமவிடுகிறேனே என்று நேற்று முழுக்க மனம் அடித்துக்கொண்டது. வேளாவேளைக்குச் சாப்பிடு. டாக்டரிடம் போ. போனேன் என்று சும்மா சொல்லாதே, அவர் எழுதிய சீட்டை ஸ்பாஸிடம் கொடுத்தனுப்பு.

மார்த்தெனித்சாவை நாரையைக் கண்டதும் அவிழ்த்துப் பூத்த மரத்தில் கட்டிவிடு, உனக்கு உடம்பு தேறட்டும். ஆற்றங்கரையில் ஒரு நாரை வந்துவிட்டது என்று தாஞ்சோ காலையில் சொன்னான். நான் ஜன்னல் பக்கமே போகவில்லை. நாரையைக் கண்டால் அவிழ்க்க வேண்டுமே; நீ வந்து பார்க்கும்வரை என் கையில் கட்டியிருக்கும் மார்த்தெனித்சா இருக்கட்டும்.

உன்,
நெதெல்கா