பிளாப்பிச் சந்தில் சந்தனம்

தாம்பரம், அக்டோபர் 1988

அன்புள்ள அப்பாவுக்குப் பொற்கொடியின் வணக்கம். அம்மாவுக்கு மூச்சிரைப்பு தேவலையா? நான் நலம்.

இங்கே ஆபீசில் எனக்குக் கொடுத்திருக்கிற கம்ப்யூட்டர், நம் தையல் மிஷின் மாதிரியே கைப்பிடி வைத்த பெட்டி. ஆயுத பூஜையன்று முதலாளியம்மா, "இதுக்கு வாய் கீதே, அங்க வெக்கலன்னா எப்டி?" என்று பிளாப்பி என்கிற தகட்டைப் போடுகிற சந்தில் சந்தனத்தை அப்பிவிட்டார்கள். சிரிப்பாக இல்லை? அன்றிலிருந்து அது எந்தப் பிளாப்பியையும் படிக்கவில்லை. மின்சார ரயிலில் மடியில் வைத்து மவுண்ட் ரோடுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

"நீ பக்கத்துலதான இருந்தே? சரியாவலன்னா வேலைக்கு வராத" என்கிறார் முதலாளி. பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன் அப்பா. திரையில் எதுவும் வரவில்லை.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். இனி எதற்கு என்று நான் விற்கச் சொன்னேனே, அந்தத் தையல் மிஷின் இன்னும் வீட்டில்தானே இருக்கிறது? கொடுத்துவிடாதீர்கள்.

பொற்கொடி