கழுவாமல் வந்த டப்பாக்கள்

லிந்துலை
14.8.1961

அன்புள்ள மீனம்மாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. இருமல் நின்றுவிட்டது, ஒன்பது இறாத்தல் எடை கூடியிருக்கிறது, கடற்காற்றில் நன்றாகப் பசிக்கிறது, ஆகையால் தீபாவளிக்கு ஊர் திரும்ப நான் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை எழுதவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். முதல் மூன்றையும் நம்புகிறேன். அந்த ‘ஆகையால்’ என்பதைத்தான் நம்பவில்லை.

உனக்கு மருந்து தொடங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. கசநோயில் இருமல் நிற்க இரண்டு மாதம் போதும். கிருமி சாக ஒன்றரை வருடம் வேண்டும். நடுவில் விட்டால் மிஞ்சிய கிருமிகள் மருந்தைப் பழகிக்கொள்ளும். பிறகு அதே ஊசியை எத்தனை போட்டாலும் கேளாது. அங்கே இன்னும் ஏழு மாதம் ஊசி, அதன்பின் மாத்திரைகளை இங்கே என்னிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. போன வருடம் சுகமாகிவிட்டது என்று பாதியில் திரும்பிய இருவரை எனக்குத் தெரியும். ஒருவர் இப்போது இல்லை.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. இங்கே மூன்று முறை உன் சளியைப் பார்த்து, மூன்று முறையும் கிருமி இல்லை என்று எழுதினேன். நான்காம் முறை நீ வந்தபோது, மழையில் தேயிலைக் கொழுந்து பறிக்க மலையேறப் பிடிக்காமல் மட்டம் போடுகிறாய் என்று நினைத்தேன். ‘வேலைக்குப் போகலாம்’ என்று துண்டு எழுதியது என் கைதான். அந்த மூன்று முறையும் நீ கொண்டுவந்த டப்பாவில் இருந்தது சளியல்ல, தெளிந்த எச்சில் என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நீ இரத்தமாய்த் துப்பிய அன்று உன் நாத்தனார் நாகலெட்சுமி என்னோடு சண்டைக்கு வந்தாள். அப்போதுதான் விளங்கியது. “டாக்டரம்மா கையில அசிங்கத்தக் குடுக்கக் கூடாதுன்னு கரி வச்சுப் பல்ல வெளக்கி, உப்புத் தண்ணியில கொப்பளிச்சு, டப்பாவையும் சாம்பல் போட்டுத் தேச்சுல்ல கொண்டாந்தா! மரியாத குடுத்ததுக்கு இதுதாங்களா கூலி?” என்று கேட்டாள். ‘அண்ணி இருமுனா கொழுந்து தன்னால கூடைக்கு வந்துருமா’ என்று உன்னை ஏசியவளும் அவள்தான் என்று அறிவேன். ஆனாலும் அன்று அவள் கேட்டது நியாயம். சளிக்குச் சாயமேற்றிக் கிருமியைப் பார்க்கப் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டேன். மரியாதை கிருமியை மறைத்துவிடும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இனி உன் லயத்துச் செய்தி. போன மாதம் அந்தப் பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பராக்களிலும் உள்ள பெரியவர்கள் அனைவரிடமும் சளி கேட்டேன். இரண்டு நாள் ஒருவரும் வரவில்லை. கிருமி இருந்தால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள், உன்னைப்போல் ரயிலேற்றிவிடுவார்கள் என்று பயம். வர மாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நாகலெட்சுமி எழுந்து பேசியிருக்கிறாள். “எந்திரிச்சதும், வெத்தல போடுறதுக்கு முந்தி, நெஞ்சுக்குள்ளேருந்து இழுத்துத் துப்பணும். டப்பாவக் கழுவாதீங்க. கழுவுனா டாக்டரம்மாவுக்குக் கோவம் வரும்” என்றாளாம். வேலைக்கு வந்த இடத்தில் சளிப் பேச்சு என்ன என்று கங்காணி சோலைமலை அதட்ட, “ஒங்க தொண்டையும் கரகரன்னுதான் கேக்குது, கங்காணி. ஒங்களுக்கும் ஒரு டப்பா எடுத்து வச்சிருக்கேன்” என்று இவள் சொல்ல, களமே சிரித்ததாம். மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரி விறாந்தையில் இருபத்தொரு டப்பாக்கள். கங்காணியுடையதும் இருந்தது. ஒன்றுகூடக் கழுவப்படவில்லை. நான் எதையும் எளிதில் மெச்சுகிறவளல்ல; அதுவும் சளியை. ஆனால் அந்த வரிசைக்கு முன்னால் நின்றபோது எனக்கு வந்தது பெருமைதான், வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை. நீ கழுவிக் கொண்டுவந்த டப்பாக்களிலிருந்து நாங்கள் கற்றதுதான் அது; அதில் பெரும்பங்கு உனக்குச் சேரவேண்டியது.

இருபத்தொன்றில் இரண்டில் கிருமி இருந்தது. ஒன்று கிழவர் ஆண்டியப்பனுடையது. மற்றது நாகலெட்சுமியுடையது.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்று உன் புருஷன் அழகன் கெஞ்சினார். “தெரிஞ்சா அடுத்த ரயிலுக்கே வந்து நிப்பா, அம்மா” என்றார். ஒருமுறை உன்னைக் கேட்காமலே உன்னைப் பற்றி முடிவு செய்தேன். மறுமுறையும் அப்படிச் செய்ய எனக்கு மனமில்லை, அதனால் எழுதுகிறேன். யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று உனக்குத் தோன்றும். மைக்கிராஸ்கோப் அதைச் சொல்வதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. நாகலெட்சுமிக்கு நோய் ஆரம்ப நிலைதான். எங்கள் தனி வார்ட்டில் படுத்திருக்கிறாள், தினம் ஊசி போடுகிறோம். உன்னிடம் எதுவும் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, “அண்ணி அங்கயே இருக்கட்டுங்க” என்றாள்.

குழந்தை சண்முகவடிவைத்தான் நீ முதலில் கேட்பாய். அவள் இப்போது பக்கத்துக் காம்பராவில் அம்மாக்கண்ணுவோடு இருக்கிறாள். தோலில் சோதித்தேன், நெஞ்சைப் படம் எடுத்தேன். நோய் இல்லை. தடுப்பூசியும் போட்டாயிற்று, தோளில் சிறு புண் வந்து ஆறும், பயப்படாதே. ஊசி போடும்போது என் கையைக் கடித்துவிட்டாள். பற்கள் உறுதியாகவே இருக்கின்றன.

நீ பாதி மருந்தோடு வந்தால் உங்கள் காம்பராவுக்குத்தான் வருவாய். ஒரு கதவு, ஒரு ஜன்னல், உன் பக்கத்தில் குழந்தை. நோய் திரும்பினால் இரவில் நீ இருமும் காற்றைத்தான் அவளும் மூச்சாக இழுப்பாள். உனக்குக் கேளாத மருந்து அவளுக்கும் கேளாது.

ஆகவே பங்குனி வரை அங்கேயே இரு. உத்தரவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உனக்கு உத்தரவு போடும் உரிமையை அந்த மூன்று பரிசோதனைகளோடு இழந்துவிட்டேன். ஆகையால் கேட்டுக்கொள்கிறேன், மீனம்மா. இரு.

நீ முழுச் சுகத்தோடு திரும்பும் நாளில் உன்னைக் கூப்பிட்டுப்போக உன் வீட்டார் தலவாக்கலை ஸ்டேஷனுக்கு வருவார்கள். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் எந்த ரயிலில் வருகிறாய் என்று எனக்கும் ஒரு வரி எழுது.

உன் சுகத்தை வேண்டும்,
புனிதவதி அம்பலவாணர்