பலெர்மோவைத் திங்களுக்கு மாற்றினேன்

செப்டம்பர் 7, ஞாயிறு. துன், சுவிஸ்

மழை. ஏரி கண்ணுக்கே தெரியவில்லை. உடுப்பு காயாது.

லீவு கிடைத்துவிட்டது! ஒக்ரோபர் கடைசிக் கிழமை, சனி முதல் சனி வரை. இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒரு கலியாணத்துக்கோ சாமத்தியவீட்டுக்கோ இல்லாத லீவு. ஹோட்டல் முதலாளியம்மா கேட்டா, லண்டனா பாரிஸா என்று. சிசிலி என்றேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்றா. கடல் இருக்கிறது என்றேன்.

சுவிசின் சிவப்புப் பாஸ்போட் கிடைத்து ஏழு மாதம். அலுமாரியில் சேலைக்கு அடியில் சும்மா கிடக்கிறது. இன்னும் ஒரு எல்லையும் தாண்டவில்லை.

திட்டம்: கத்தானியாவில் இறங்குவது, கார் எடுப்பது, தீவை ஒரு முழு வட்டம். கார் ஓடுவது நான். பக்கத்தில் இருந்து "மெல்ல, மெல்ல" சொல்வது இவர்.

மேல்வீட்டுக் கவிதா சிரித்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, பேர்னில் கம்ப்யூட்டர் வேலை, போன வருடம் சிசிலி போய் வந்தவள். "ஏழு நாள்ல முழுத் தீவாக்கா? கார்லயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான். பாதி பாருங்க, போதும்."

நாற்பத்திரண்டு அறையை ஆறு பெண்களை வைத்து மத்தியானத்துக்குள் துப்புரவாக்கிக் கொடுக்கிறவள் நான். எனக்கு ஒரு தீவு பெரிய விஷயமா? ஒரு கை பார்க்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெயில், ஆனால் குளிர். இடுப்பு நோகிறது. பரவாயில்லை.

அறைப் பட்டியல் தாளின் பின்பக்கம், பென்சிலால்:

சனி – கத்தானியா. கார்.
ஞாயிறு – சிரக்கூசா.
திங்கள் – மோதிக்கா. சொக்லேட் ஊராம். (இவருக்குச் சீனி வருத்தம். பார்க்க மட்டும்.)
செவ்வாய் – அக்ரிஜெந்தோ. பழைய கோயில்கள்.
புதன், வியாழன் – திராப்பானி. உப்பளம்.
வெள்ளி – நேரே செஃபலு. பலெர்மோவில் நிற்பதில்லை.
சனி – கத்தானியா, பிளேன்.

கொண்டு போக: சின்ன ரைஸ் குக்கர். மிளகாய்த்தூள். இவரின் மருந்துக் குளிசை, இரண்டு செற், ஒன்று என் கைப்பையில். இடியப்ப உரல் வேண்டாம் என்று இவர் கெஞ்சினார். சரி, வேண்டாம்.

தேத்தண்ணியோடு வந்து தாளைப் பார்த்தார். விரலை வெள்ளியில் வைத்தார்.

"இஞ்சேரும், தீவு முழுக்கச் சுத்திறம். உம்மட அக்கா இருக்கிற ஊரை மட்டும் பாய்ஞ்சு கடக்கிறமோ?"

"அங்க சரியான ட்ராபிக்."

"ஓமோம், பெரிய ட்ராபிக்தான்," என்று போய் ரீவியைப் போட்டார். இந்த மனிசனின் நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. கோபத்தில் தேத்தண்ணியை நான் குடித்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

எனக்கு இன்று வேலையில்லை. இவர் வேலைக்குப் போய்விட்டார். எழுதித் தொலைக்கிறேன்.

மலரக்கா பலெர்மோவுக்குப் போய் இருபத்தைந்து வருடம். அத்தான் அங்கேதான் செத்தார், மாரடைப்பு, பதினொரு வருடம் ஆகிறது. எனக்கு அப்போது எஃப் கார்ட், தற்காலிக அனுமதி. அதை வைத்துக்கொண்டு நினைத்தபடி சுவிசை விட்டு வெளிக்கிட முடியாது. அக்காவுக்கும் அது தெரியும். ஆனால் லுசேர்ணில் இருந்த அத்தானின் தம்பியிடமும் அதே கார்ட்தான். அவன் வந்தது வரட்டும் என்று காரில் ஏறிப் போனான். பிரேதத்துக்குத் தோள் கொடுத்தான். திரும்பியும் வந்தான்.

நான் போகவில்லை. பிடிபட்டால் பத்து வருடம் காத்திருந்ததெல்லாம் நாசம், பிள்ளைகளின் படிப்பு நாசம் என்று பயந்தேன். பயம் என்று சொல்ல வெட்கம். ஃபோனில் "சட்டம் அக்கா" என்றேன்.

"அவனுக்கு இல்லாத சட்டம் உனக்கோ?" அக்கா என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். வைத்துவிட்டா. பிறகு மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு எனக்குச் சொல்லவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே தகப்பனின் திமிர்.

போகத்தான் வேண்டும். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. கதவைத் திறப்பாவா என்பது வேறு கதை.

ஆனால் பலெர்மோ வெள்ளியில் கிடக்கிறது! வெள்ளியில் துக்கம் விசாரிக்கப் போவார்களா? செவ்வாயிலும் கூடாது. பதினொரு வருடம் ஆனால் என்ன, நான் இன்னும் விசாரிக்கவில்லையே. அக்கா இதிலெல்லாம் படுகண்டிப்பு. வெள்ளிக்கிழமை வாசலில் போய் நின்றால், வராதவள் வந்தும் நாள் பார்க்காமல் வந்தாள் என்று இன்னொரு பதினொரு வருடம் சொல்லுவா.

செப்டம்பர் 13, சனி

மூடுபனி. ஐந்து பெண்கள்தான் வேலைக்கு வந்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல். இருந்தும் பன்னிரண்டுக்கு முடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பென்சிலும் அழிறப்பருமாக இருந்தேன். பலெர்மோவை வியாழனுக்கு இழுத்தால் உப்பளம் போகிறது. புதனுக்கு இழுத்தால் அக்ரிஜெந்தோவில் மூச்சு விட நேரமில்லை. மூன்று தாள் கசக்கி எறிந்தேன். நாலாவதில் உறைத்தது. வட்டம்தானே! மற்றப் பக்கமாகச் சுற்றினால் என்ன?

சனி கத்தானியா. ஞாயிறு செஃபலு. திங்கள் பலெர்மோ. மிச்சம் எல்லாம் தானாக வரிசையில் வந்து விழுந்தது. திங்கள், ஒரு குறையும் சொல்ல முடியாத நாள். கெட்டிக்காரியடி நீ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சத்தமாக.

பயணத்துக்கு ஹோட்டல் எல்லாம் புக் பண்ணித் தந்தது கவிதா. மேலே போய் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன்.

"ஏன்க்கா, மொத்தத்தையும் தலைகீழா மாத்துறீங்க?"

"இப்பிடிச் சுத்தினால் கடல் எங்கட பக்கம் வரும். றோட்டின்ர மற்றப் பக்கத்தால எட்டிப் பார்க்கத் தேவையில்லை."

"அட, ஆமால்ல! எனக்குத் தோணவே இல்லை பாருங்க."

சொன்னது பொய் இல்லை. காரணம் அது இல்லை, அவ்வளவுதான். கூட வந்த இவர் பின்னால் நின்று இருமினார். வீட்டுக்கு இறங்கி வந்ததும் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். பயணத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது!

திங்களுக்கு: சாம்பல் நிறச் சேலை. இனிப்பு வாங்கக் கூடாது. அத்தானின் படத்துக்கு மாலை, அங்கேயே வாங்கலாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அக்காவின் நம்பர் கிடைத்தது. அத்தானின் தம்பிதான் தந்தான். "அடிச்சுப் பாருங்கோ சாந்தியக்கா, அண்ணி எடுக்கிறா இல்லையா எண்டு பாப்பம்," என்றான். நல்ல உற்சாகம் தருகிறான், பாவி.

இன்று செவ்வாய். நாளைக்கு அக்காவுக்கு ஃபோன் எடுக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

மழை விட்டது. மூன்று மணிக்கு வேலை முடிந்து ஏரிக்கரை மர வாங்கில் குந்தியிருந்து அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"ப்ரொன்தோ."

இத்தாலியில் ஹலோ அப்படித்தான். குரல் தடித்துவிட்டது. ஆனாலும் அக்காதான்.

"அக்கா, சாந்தி கதைக்கிறன்."

அங்கே குக்கர் விசில் ஒன்று. பிறகு இன்னொன்று. வைக்கவில்லை என்று மட்டும் விளங்கியது. எழுதி வைத்திருந்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அக்கா, அண்டைக்குச் சட்டம் எண்டு சொன்னது பொய். நான் பயந்திட்டன்."

"தெரியும்."

"ஒக்ரோபரில வாறம். திங்கக்கிழமை. அத்தானுக்கு…"

அழுதேன், நல்லாக, மூக்கு ஒழுக. வாங்கின் மற்ற முனையில் இருந்த சுவிஸ்காரர் மெதுவாக எழுந்து போய்விட்டார். அக்கா காத்துக்கொண்டு நின்றா.

"திங்களோ?"

"ஓம். வெள்ளியில வரக்கூடாதெண்டு முழுப் பயணத்தையும் திருப்பிப் போட்டனான்."

மறுபக்கம் மூக்கால் ஒரு சத்தம். சிரிப்போ தடிமனோ தெரியவில்லை.

"திங்களில இஞ்ச நல்ல கணவாய் வராது. சனியே வாங்கி வைக்கிறன். உன்ர மனிசன் இன்னும் உறைப்புத் தின்னுவாரோ?"

துக்கம் விசாரிக்க வருகிறவளுக்கு எங்கள் வீடுகளில் கூடிப்போனால் ஒரு தேத்தண்ணி. கணவாய்க் கறி ஒருவரும் வைப்பதில்லை. அது அக்காவுக்குத் தெரியாதா?

"தின்னுவார்," என்றேன்.

"எத்தினை நாள் நிக்கிறியள்?"

தாள் மடியில்தான் இருந்தது. திங்களில் அக்கா வீட்டுக்கு மூன்று மணித்தியாலம் என்று எழுதியிருந்தேன்.

"நீங்கள் சொல்லுங்கோ அக்கா."