அரிக்கமேடு வரை நான்தான் முன்னால்

ஸ்நேகா அப்பாவுக்கு,

நைட் ஷிப்ட் முடிந்து நீங்கள் வீடு வரும்போது நான் மாதவரம் தாண்டியிருப்பேன். நெத்திலிக் குழம்பு சட்டியில் இருக்கிறது, சோறு மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். சாவி பக்கத்து வீட்டு எல்லம்மா அக்காவிடம். இன்று சிலிண்டர் வரும், தூங்கிவிடாதீர்கள்.

"நாப்பத்தி மூணு வயசுல உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்று நேற்று கத்தினீர்களே, கோபத்தில் காரணம் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன்.

வியாழக்கிழமை கம்பெனி கேன்டீனில் சைக்கிள் பயணத் திட்டம் போட்டோம். புதுச்சேரி பக்கம், இரண்டாயிரம் வருடத்துக்கு முன் துறைமுகமாக இருந்த அரிக்கமேடு வரை, இரண்டு நாளில் இருநூறு கிலோமீட்டர். எஞ்சினியர் எழிலரசன் காலை ஏழு மணிக்குக் கிளம்பலாம் என்றார்.

"மத்தியானம் கடல் காத்து எதுக்க அடிக்கும் சார். நாலு மணிக்கே மிதிச்சாதான் மகாபலிபுரம் போய்ச் சேரலாம்" என்றேன். பதினாறு வருடமாக ஷிப்டுக்குச் சைக்கிளில் போகிறவளுக்குக் காற்று தெரியாதா?

உடனே எழிலரசனே, "அப்போ நீங்க முன்னாடி போங்கக்கா, நாங்க பின்னாடியே வந்துகினு இருக்கோம்" என்றார். பேக்கிங் செக்‌ஷன் ஹெலன் முன்னால், எஞ்சினியர்கள் எல்லாம் பின்னால்!

"நீங்க ஒண்ணும் வர வேணாம்" என்று நேற்று நான் சொன்னது மனதாரச் சொன்னதல்ல. நாளை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் ஸ்நேகாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு நாங்கள் அரிக்கமேட்டில் இருப்போம்.

ஹெலன்

குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

போட்டோ எடுக்கக் கூப்பிடவில்லை. இடிந்த சுவரைக்கூட நீங்கள் பார்க்க வேண்டாம். நான் முதல் ஆளாக வந்து இறங்குவதைப் பாருங்கள், போதும்.